மூன்று சட்டை போட்ட எடை

தம்பி மகனும் என் மகனும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். தம்பி பெண்டாட்டி செங்கல் சூளையில் கல் சுமப்பவள். பிள்ளை அழுதால் சும்மாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, கல் அடுக்கின் நிழலில் உட்கார்ந்து பால் கொடுப்பாள். மேஸ்திரி கத்தினால், "நீங்களும் இப்படிக் குடிச்சு வளந்தவர்தானே, கொஞ்சம் பொறுங்க" என்பாள். அந்தப் பயல் ஆறே மாதத்தில் கல்லுக்குண்டு மாதிரி ஆகிவிட்டான். என் பெண்டாட்டி மில் வேலைக்குப் போனதால் எங்கள் பிள்ளைக்கு டின் பால்; கலக்கிக் கொடுப்பது நான். அவன் நோஞ்சானாகவே கிடந்தான். எனக்கு வயிறு எரிந்தது.

சுகாதார நிலையத்தில் பிள்ளைகளுக்கு எடை போடும் நாளன்று அவனுக்கு மூன்று சட்டை மாட்டி, மேலே ஒரு கம்பளிச் சட்டையும் போட்டுத் தூக்கிப் போனேன்.

"பரவாயில்லையே, ஏறிட்டானே!" என்றாள் நர்ஸம்மா.

தன் மகனோடு வந்து பக்கத்தில் நின்ற தம்பி பெண்டாட்டி அவனை வாங்கிப் பார்த்தாள். "மாமா, பிள்ளை கனக்கல. துணிதான் கனக்குது."

"உன் பிள்ளையை மிஞ்சிடுவான்னு பயமா?"

"மிஞ்சட்டுமே, யாரு வேணாங்கிறா? பொய் எடையை எழுதிட்டா அப்புறம் யாரு வைத்தியம் பாப்பா?" என்று சட்டைகளை உருவினாள். மறுபடி எடை போட்டதில் போன மாதத்தைவிடக் கால் கிலோ குறைவு.

"பாட்டிலுக்கு எத்தனை கரண்டி பவுடர் போடுறீங்க?" என்று நர்ஸம்மா கேட்டாள்.

டின் சீக்கிரம் தீரக் கூடாதென்று, மூன்று போட வேண்டிய இடத்தில் ஒன்றுதான் போட்டுவந்தேன். சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டித் தீர்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினாள்.

தம்பி பெண்டாட்டி தன் மகனை என்னிடம் கொடுத்துவிட்டு, என் மகனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அந்தப் பயலைச் சுமந்து அவள் பின்னால் நாலு எட்டு வைப்பதற்குள் எனக்குக் கை வலித்தது. அப்போதும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.