கத்திப்பாரா வரை

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து துபாய்க்குப் பதிமூன்றாயிரம் கிலோமீட்டர், பதினாறு மணி நேரம். அங்கிருந்து சென்னைக்கு இன்னும் நான்கு மணி நேரம். வாய்ப்பாடே சரியாக வராத வயதில் இது எனக்கு மனப்பாடம். மந்தைவெளி வீட்டில் பெரியப்பா சாகக் கிடந்தபோது கற்றுக்கொண்டது.

பெரியப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். வந்தும் உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளை கையால் ஒரு வாய் பால் உள்ளே போனால்தான் அடங்கும் என்று அத்தைகள் சொன்னார்கள். அந்தப் பிள்ளை, எனக்கு அண்ணன், அமெரிக்காவில் இருந்தான்.

அப்பா மொட்டை மாடிக்குப் போய் நெடுநேரம் போனில் பேசினார். இறங்கி வந்து, "அண்ணே, அவன் பிளைட் ஏறிட்டான்" என்று பெரியப்பா காதில் சொன்னார். பிறகு போனில் ஒரு வரைபடத்தைத் திறந்து என்னிடம் கொடுத்தார். அதில் ஒரு மஞ்சள் விமானம் ஊர்ந்துகொண்டிருந்தது. அது எங்கே வருகிறது என்று பெரியப்பாவுக்குச் சொல்வது என் வேலை. சாவுக்குக் காத்திருக்கும் வீட்டில் இப்படியொரு உத்தியோகம் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இப்போ எந்த ஸ்டேஜு பாப்பா?" என்பார், கண்ணைத் திறக்காமலே.

"வட துருவம் பெரியப்பா."

"ஏற எறங்க ஆளுங்க கீறாங்களா அங்க?"

நடுவில் ஸ்டாப்பே கிடையாது என்றேன். அப்புறம் அந்த வண்டிக்குக் கண்டக்டர் எதற்கு என்று முனகினார். நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

அண்ணன் துபாயில் விமானம் மாறினான். அரபிக்கடலைத் தாண்டினான். மறுநாள் காலையில் மீனம்பாக்கத்தில் இறங்கியதும் வீடு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தேன். கூட்டிவர ஏன் யாரும் போகவில்லை என்று கேட்டதற்கு, டாக்சியில் வருகிறான் என்றார் அப்பா. தெருமுனையில் போய் நின்றேன். வந்த டாக்சியெல்லாம் நிற்காமல் மயிலாப்பூர் பக்கம் போயின. கால் கடுத்து உள்ளே வந்தேன்.

அப்பா கட்டிலோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பெரியப்பா அவர் கையைத் தேடிப் பிடித்தார்.

"கத்திப்பாரா டிராபிக்குல மாட்டிகினு கீறான் போல. உடு நைனா. நீயே ஊத்திடு."

அப்பா ஊற்றியதில் பாதிப் பால் கன்னத்தில் வழிந்தது. மிச்சம் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. எனக்கு அண்ணன் மேல்தான் ஆத்திரம். அத்தனை தூரம் பறந்து வந்தவன் கத்திப்பாராவிலிருந்து நடந்தாவது வந்திருக்கலாம்.

எடுப்பதற்கு முன் வீடியோ காலில் அண்ணனுக்கு முகத்தைக் காட்டினார்கள். இங்கே உச்சிவெயில், அவன் முதுகுக்குப் பின்னால் ஜன்னலில் இருட்டு. அழுதுகொண்டிருந்தான்.

"நீ எங்கண்ணே எறங்கிட்டே?" என்று கேட்டேன்.

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

விசா சிக்கலில் இருந்தவன், வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது, அதனால் அவன் ஏறவே இல்லை என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. முன்பின் தெரியாத யார் யாரோ வந்த விமானத்தைத்தான் ஒரு பகலும் இரவும் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அது பெரியப்பாவுக்கு எந்த ஸ்டேஜில் தெரிந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.