டயர் கழுவும் போட்டி

அத்தையின் காரை விற்றுவிடுவது என்று முடிவானபோது எனக்குப் பத்து வயது. முடிவு செய்தவர்கள் அப்பாவும் சித்தப்பாவும். அத்தை அவர்கள் இருவருக்கும் மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற கையோடு, கூட வேலை பார்த்த ஒருவரிடமிருந்து அந்த வெள்ளைக் காரை வாங்கி, ஐம்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அபிராமபுரத்தில் அவள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டின் கேட் தூணில் இரண்டு முறை இடித்தாள். லஸ் முனையில் ஓர் ஆட்டோவை லேசாக உரசினாள். ஆட்டோக்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில்தான் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். தனியாக இருப்பவளுக்குக் கார் எதற்கு, ஒரு போன் செய்தால் நாங்கள் வந்து கூட்டிப்போக மாட்டோமா என்று மந்தைவெளியில் எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பேசி முடித்தார்கள். அத்தையும் சரி என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார்கள். அவள் சொன்னதை நான் கேட்கவில்லை. பெரியவர்கள் சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

கார் வீட்டை விட்டுப் போகிறதே என்று எனக்குத் துக்கமாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் குஷியாக இருந்தது. கார் விற்பது என்றால் யாரோ ஒருவர் வருவார், பானெட்டைத் திறந்து பார்ப்பார், பேரம் நடக்கும். அதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். கிண்டியிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாகச் சித்தப்பா ஏற்பாடு செய்திருந்தார். சனிக்கிழமை காலையிலேயே என்னையும் அண்ணனையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அத்தை வீட்டில் போய் இறங்கினார்.

காரைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டுச் சித்தப்பா உதட்டைப் பிதுக்கினார். வண்டியின் உடம்பில் குறையே இல்லை. அதற்குக் காரணம் கார் அக்கா. அந்தக் குடியிருப்பின் ஏழு கார்களையும் தினமும் துடைப்பவள் என்பதால் நானும் அண்ணனும் அவளுக்கு வைத்த பெயர் அது. முன்பு அடையாற்றின் கரையில் குடியிருந்தவள். அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே வெகு தூரத்தில் கொண்டுபோய்க் குடிவைத்த பிறகு, முதல் பஸ்ஸைப் பிடித்து இருட்டோடு வந்துவிடுவாள். ஏழாவது காரையும் முடித்துவிட்டு அத்தை வீட்டில் காபி குடிப்பாள். இரண்டு பேரும் கார்களைப் பற்றி, அவற்றின் சொந்தக்காரர்களைப் பற்றி ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

டயர்கள்தான் பார்க்கச் சகிக்கவில்லை. அத்தையை ஓட்ட வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து மூன்று மாதமாக வண்டி வெயிலில் நின்றதில் நான்கு டயரும் துருப்பிடித்த மாதிரி பழுப்பு நிறமாகியிருந்தன. வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது டயரைத்தான் என்றார் சித்தப்பா. எதைப் போட்டுக் கழுவுவது என்று பேச்சு வந்தது. ஆளுக்கு ஒன்று சொன்னோம். அண்ணன் தேங்காய் எண்ணெய் என்றான். தலைமுடியை அது பளபளக்க வைக்கும்போது டயரை வைக்காதா என்பது அவன் வாதம். நான் சமையல் சோடாவும் எலுமிச்சம்பழமும் என்றேன். பள்ளிக்கூடக் கண்காட்சியில் அவை இரண்டும் சேர்ந்து நுரைத்துப் பொங்குவதைப் பார்த்ததிலிருந்து உலகத்தின் எந்தச் சிக்கலுக்கும் என்னிடம் இருந்த ஒரே பதில் அதுதான். சித்தப்பாவோ கடையில் விற்கிற டயர் பாலிஷைத் தவிர வேறு எதையும் ஏற்கவில்லை. கார் அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு, துணி துவைக்கிற சோப்புத்தூளும் தேங்காய் நார் பிரஷ்ஷும் போதும் என்றாள்.

சித்தப்பாவுக்கு எதையும் போட்டியாக்கினால்தான் திருப்தி.

"ஆளுக்கு ஒரு டயர். எது நல்லா வருதோ அதையே நாலுக்கும் போடுவோம். அக்காதான் ஜட்ஜ். ஜெயிக்கிறவங்களுக்கு என் செலவுல பிரியாணி," என்றார். அக்கா என்று அவர் சொன்னது அத்தையை. அத்தை மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, சரி என்று தலையாட்டினாள்.

பாலிஷ் வாங்கிவரச் சித்தப்பா ஸ்கூட்டரில் கிளம்பினார். நாங்கள் காத்திருக்கவில்லை. அத்தையின் சமையலறையிலிருந்து சோடா டப்பாவையும் நான்கு எலுமிச்சம்பழங்களையும் அள்ளிக்கொண்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன். எனக்கு வாய்த்தது பின்பக்கத்து வலது டயர். சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, மேலே எலுமிச்சையைப் பிழிந்தேன். பொங்கியது! நுரை வழிந்து தரையில் ஓடியது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கப் பழுப்புத் தண்ணீர் இறங்கியது. நான் போட்ட கூச்சலில் இரண்டாவது மாடியில் ஒருவர் ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

முன்பக்கத்தில் அண்ணன் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிப் பொறுமையாகத் தடவிக்கொண்டிருந்தான். கார் அக்கா அவனை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, தலை வாரி பூவும் வெச்சுடுவியா?" என்று கேட்டாள். அவள் மட்டும் அவசரப்படவே இல்லை. வெந்நீரில் சோப்புத்தூளைக் கரைத்து, டயரை நனைத்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பிறகு நார் பிரஷ்ஷால் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். நுரை காபி நிறத்தில் வந்தது. கழுவிவிட்டு மறுபடி தேய்த்தாள். வெளிர் பழுப்பு. மறுபடியும் கழுவி மறுபடியும் தேய்த்தாள். நுரை வெள்ளையாக வரும்வரைக்கும் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தமாம்.

மூன்றாவது முறை தேய்க்கும்போது கையை நிறுத்திவிட்டு அத்தையைப் பார்த்தாள்.

"யம்மா, இப்டித் தேச்சுக்கினே போனா வெடிப்பெல்லாம் பளிச்சுனு தெரியும். பரவால்லியா?"

அத்தை படியிலிருந்து எழுந்து வந்தாள். டயருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ரப்பரின் மேல் ஒரு விரலை வைத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். எதையோ யோசிப்பவள் மாதிரி கேட் பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

"நல்லாவே தேய்," என்றாள்.

சுத்தத்தில் அத்தைக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டு, நான் என் டயருக்கு இன்னொரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன்.

சித்தப்பா திரும்பி வந்தார். பாட்டிலைக் குலுக்கினார், அடித்தார், துணியால் ஓர் ஒற்று. இரண்டே நிமிடம். அவருடைய டயர் முகம் பார்க்கலாம் போலக் கறுப்பாக மின்னியது. கழுவவே இல்லை! அண்ணன் கை தட்டினான். என் டயர் காய்ந்து, கோலமாவு தூவிய மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் பூத்திருந்தன. கார் அக்காவுடையது வெறும் கறுப்பு. மினுமினுப்பு எதுவும் இல்லை. பிரியாணி சித்தப்பாவுக்குத்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தபோது, அத்தை கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள். டயர் என்றால் ஓடுவதற்குத்தானே, ஓட்டிப் பார்க்காமல் எப்படித் தீர்ப்புச் சொல்வது என்றாள்.

சித்தப்பாவால் மறுக்க முடியவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து கைப்பிரேக்கைப் பிடித்துக்கொண்டார். நானும் அண்ணனும் பின்னால் ஏறினோம். மூன்று மாதத்துக்குப் பிறகு அத்தை அன்றைக்குத்தான் ஓட்டினாள். நான்கு தெரு சுற்றி, தோண்டிப் போட்டிருந்த ஒரு மண் சாலையிலும் புகுந்து வந்தாள். திரும்பும்போது கேட் தூணிலிருந்து ஒரு முழம் தள்ளி அழகாக உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள். இறங்கி ஓடிப் பார்த்தோம். அண்ணனின் டயரில் மண் அப்பிப் பிடித்து ரவை லட்டுபோல இருந்தது. சித்தப்பாவின் பாலிஷ் சுழற்சியில் தெறித்து, வெள்ளைக் கதவு முழுவதும் கறுப்புப் புள்ளிகள். என்னுடையதில் திட்டுகள் அப்படியே இருந்தன. அக்காவுடையது மட்டும் ஒரு தட்டுத் தட்டியதும் தூசி உதிர்ந்து, போனபடியே திரும்பி வந்திருந்தது.

அத்தை தீர்ப்புச் சொன்னாள். சித்தப்பா முணுமுணுத்தார். கார் அக்காவின் முறைப்படியே கழுவட்டும், ஆனால் அதற்கு மேல் கொஞ்சம் பாலிஷும் அடிக்கலாமே என்றார். போட்டி என்று குழந்தைகளிடம் சொல்லிவிட்டு இப்போது பேச்சு மாறுவது நன்றாகவா இருக்கிறது என்று அத்தை கேட்டதும் அடங்கிவிட்டார். சொன்னபடி கார் அக்காவுக்குப் பிரியாணி வாங்கிக்கொடுத்தார். அவள் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுத்தார். அவர் நல்ல மனிதர்.

மத்தியானம் முழுவதும் மற்ற மூன்று டயர்களையும் அக்காவும் நானும் தேய்த்தோம். தோற்றவள் என்ற வருத்தமெல்லாம் பறந்துவிட்டது. நுரை காபி நிறத்திலிருந்து வெள்ளைக்கு வரும் ஒவ்வொரு முறையும் குதித்தேன். பழுப்பு போகப் போக, ரப்பரில் காய்ந்த ஏரியின் தரைபோல மெல்லிய கோடுகள் எழுந்தன. கோடுகளுக்குள் அழுக்குத் தங்கிவிடக் கூடாது என்று பல் துலக்கும் பிரஷ்ஷை விட்டு ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தேன். என் விரல் நுனியெல்லாம் தோல் சுருங்கிப்போனது.

மறுநாள் வந்தவர் கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். பானெட்டைத் திறக்கவே இல்லை. முன் டயருக்குப் பக்கத்தில் குனிந்தார். அடுத்த டயருக்குப் போய்க் குனிந்தார். நான்காவதுக்கு வந்தபோது முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் பெருமையோடு அவர் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, டயர்களில் எல்லாம் வெடிப்பு விட்டிருக்கிறது, வெளியே தெரிவதே இப்படி என்றால் உள்ளே எப்படி இருக்குமோ என்று சித்தப்பாவிடம் சொன்னார். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பிப் போனார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

"அந்தப் பாலிஷை அடிச்சிருந்தா இவ்ளோ தெரிஞ்சிருக்குமா?" என்று சித்தப்பா கேட்டார்.

"தெரிஞ்சிருக்காதுதான்," என்றாள் அத்தை.

நான் மாடிப்படிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். ஒவ்வொரு கோட்டையும் பிரஷ் விட்டுத் துலக்கிக் காட்டியவள் நான்தானே. குடும்பத்துக்கே நஷ்டம் செய்துவிட்டேன் என்று தோன்றியது.

இந்த டயர்களோடு காரை யாரும் வாங்க மாட்டார்கள், புதிது போட்டுவிட்டு நிதானமாக விற்கலாம் என்று அத்தை சொன்னபோது அப்பாவும் சித்தப்பாவும் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அந்த வாரமே நான்கு புது டயர்கள் வந்தன. புது டயர் கொஞ்சம் ஓடிப் பழக வேண்டும் என்று சொல்லி அத்தை எங்கள் வீட்டு வாசலுக்கே காரை ஓட்டிக்கொண்டு வந்து என்னைக் கூப்பிட்டாள். பின்சீட்டில் கார் அக்கா உட்கார்ந்திருந்தாள், அடையாறு பஸ் டிப்போவில் இறங்கிக்கொள்வதற்காக.

அடையாற்றுப் பாலத்தின் மேல் காற்று அள்ளிக்கொண்டு போனது. அத்தை ஜன்னலை முழுதாக இறக்கிவிட்டு, எந்தப் பாட்டென்று பிடிபடாத ஏதோ ஒன்றை முனகிக்கொண்டே ஓட்டினாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது சொல்லிவிட்டால் திட்ட மாட்டாள் என்று கணக்குப் போட்டு, நான்கு நாளாக மனசில் உறுத்திக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"என்னாலதானே அத்தை காரை விக்க முடியாமப் போச்சு?"

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்தாள்.

"ஆமாண்டி. எல்லாம் உன்னாலதான்," என்றாள்.

"ஒரு கோடு வுடாம நல்லாக் கழுவுனே பாப்பா," என்றாள் கார் அக்கா பின்னாலிருந்து.

இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அத்தையால் ஓட்ட முடியவில்லை. பாலம் இறங்கியதும் ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். கார் அக்கா அவள் தோளைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துவிட்டு விலகிப் போனார்கள்.

நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். பாவம், நான் மனம் நோகக் கூடாதென்று வருத்தத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்களுக்கும் ஆறுதலாக இருக்கட்டுமே என்று நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.