பாயில் பிடித்த மழை

மதுரை கோச்சடையில் நேற்று மழை. மகன் மொட்டைமாடிக் குழாயைத் திறந்துவிட்டு, "மொத மழ அழுக்குப்பா. கொஞ்ச நேரம் ஓடட்டும், அப்பறம் தொட்டிக்குத் திருப்பிக்கலாம்" என்றான். சரியான காரியம்தான். ஆனாலும் வாசலில் வீணாக ஓடிய தண்ணீரைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

நான் கடலில் போனவன் என்றால், தல்லாகுளத்தில் என்னோடு பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். இளவயதில் ஒரு வெங்காய வியாபாரியிடம் வேலை பார்த்தேன். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குப் பாய்மரத் தோணியில் சரக்கு போகும். மூட்டை நனையாமல் பார்த்துக்கொள்ள முதலாளி என்னையும் ஏற்றிவிட்டார். மணல் ஓடும் வைகையைப் பார்த்து வளர்ந்த எனக்குக் கடல் என்றால் காற்று வாங்கும் இடம். ஏறிய நாளே குடல் வெளியே வருமளவு வாந்தி. தோணியில் எல்லோரும் என்னை 'மதுர' என்றே கூப்பிட்டார்கள்.

தோணியின் தலைவரைத் தண்டல் என்பார்கள். எங்கள் தண்டல் சூசை அண்ணன். அவருடைய தம்பி மிக்கேலும் அதே தோணியில்தான், என் வயதுக்காரன்.

நடுக்கடலில் காற்று விழுந்துவிட்டது. பாய் துவண்டு தொங்கியது. மூட்டைக்குள் வெங்காயம் வெந்து அழுகும் வாடை. இன்றும் மார்க்கெட் பக்கம் அந்த வாடை அடித்தால் எனக்கு நாக்கு வறண்டுவிடும். பீப்பாயில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய், ஆளுக்கு ஒரு வாய் என்றானது. பீப்பாயைத் திறக்கும் கையை மட்டும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் மிக்கேல் காய்ச்சலில் விழுந்தான். உதடு வெடித்துக் கிடந்தான். என் பங்கை அவனுக்குக் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். பாதிதான் கொடுத்தேன்.

ஒரு மத்தியானம் மழை வந்தது. பாயை இறக்கி நாலு மூலையையும் பிடித்துக்கொண்டோம். நடுவில் தண்ணீர் தேங்கியது. சூசை அண்ணன் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கொட்டு" என்றார்.

பாயில் படிந்திருந்த உப்பு கரைந்து வந்திருந்தது. கடலில் கொட்டினோம். மறுபடி தேங்கியது. மறுபடி நாக்கில் வைத்தார். "கொட்டு."

"அண்ணே, மழ இம்புட்டுத்தான் போல. நின்னுட்டா என்ன செய்றது?"

"உப்பு உள்ள போனா அவன் பொழைக்க மாட்டான். கொட்டுலே மதுர."

தம்பி கிடந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. மழையோ மெலிந்துகொண்டே வந்தது. அந்த மனுஷனைக் கடலில் தள்ளிவிடலாமா என்று எனக்கு ஆத்திரம். அடுத்த முறை நாக்கில் வைத்தவர் ஒன்றும் சொல்லாமல் குவளையில் மொண்டுகொண்டு மிக்கேலிடம் ஓடினார். ஒரு பீப்பாய் நிரம்புவதற்குள் மழை நின்றது. கரை சேர அது போதுமானதாக இருந்தது.

மிக்கேல் பிழைத்தான். ஆனால் அதற்குப் பிறகு அண்ணனோடு தோணி ஏறவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. போன மாதம் சூசை அண்ணன் காலமான செய்தி கேட்டுத் தூத்துக்குடி போனேன். அந்தத் தோணியை எப்போதோ உடைத்துவிட்டார்கள். துக்க வீட்டுப் பந்தலில் மிக்கேல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீங்க தண்ணியக் கொட்டுன சத்தம் எனக்குக் கேட்டுச்சு மதுர. மொதத் தண்ணி உப்புன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் மனசு ஆறல. அதுக்கப்பறம் அண்ணன்கிட்ட மொகங்குடுத்துப் பேசவே இல்ல."

"இன்னமும் கோவமா?" என்று கேட்டேன்.

"அது போயி ரொம்ப வருசமாச்சு" என்றான். "அண்ணன்கிட்ட சொல்லலாம் சொல்லலாம்னுதான் இருந்தேன்."