குளிர்ந்தால் விட்டுவிடும் தட்டு

என் மனைவிக்குக் குளிர் மலை ஊரான திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலை. எனக்குத் தேயிலைத் தொழிற்சாலையில். ஒருநாள் மண்ணுக்குப் போடும் சுண்ணாம்புத் தூள் காற்றில் பறந்து அவள் வலது கண்ணில் விழுந்தது. புண் ஆறியது, ஆனால் கருவிழி மேல் வெள்ளையாகத் திரை படர்ந்து பார்வை போய்விட்டது.

கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் புதுமுறை ஒன்றைச் செய்து பார்க்கிறார்கள் என்று அனுப்பினார்கள். நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து கடுகளவு தோலை எடுத்து, ஒரு தட்டில் வளர்த்து, கெட்ட கண்ணில் வைப்பார்கள். அங்கிருந்த தமிழ்த் தாதி எங்களுக்கு விளக்கினார். தட்டின் அடியில் பிளாஸ்டிக் மாதிரி ஒரு மெல்லிய பூச்சு உண்டு. உடம்புச் சூட்டில் இருக்கும்வரை தோல் அதைப் பற்றிக்கொண்டு வளரும். வெளியே எடுத்து ஆறவிட்டால் பூச்சு தண்ணீரைக் குடித்து உப்பிவிடும். வளர்ந்த தோல் கிழியாமல் முழுசாகக் கழன்று வரும். சுரண்ட வேண்டியதில்லை.

"எங்க ஊரு குளிரு போதுமா?" என்று மனைவி கேட்டாள்.

"அதே தாராளம்லா," என்று தாதி சிரித்தார்.

அந்தப் பதில் எனக்குள் தங்கிவிட்டது. தோலை வைத்துக் கட்டுப் பிரித்தபோது நான் நீட்டிக் காட்டிய விரல்கள் அவளுக்குத் தெரிந்தன. ஆனால் எங்கள் லயத்து வீடுகளில் விடிகாலை எப்படிக் குளிரும் என்று எனக்குத் தெரியும். குளிரில் தட்டை விட்ட தோல் கண்ணை மட்டும் விடாதா? டாக்டரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மனைவியிடம் சொன்னேன். அவளும் பயந்து மலையடிவாரத்து ஈப்போவில் தன் அக்காள் வீட்டிலேயே தங்கிக்கொண்டாள். அந்த வெக்கையிலும் அக்காள் விசிறியைப் போடவிடவில்லை. நான் மேலே எங்கள் வீட்டு ஜன்னல் இடுக்குகளில் கோணிச் சாக்கைத் திணித்து வைத்தேன்.

கொஞ்ச நாளில் அவளிடமிருந்து போன் வந்தது. "ஏங்க, நான் என்ன வத்தலா, இங்க காய வெச்சிருக்கீங்க?"

அடுத்த பரிசோதனையில் அவளே கேட்டுவிட்டாள். டாக்டர் மலாயில் சொன்னதைத் தாதி தமிழில் சொன்னார்: "அக்கா, அந்தப் பூச்சு தட்டோட போச்சு. ஒங்க கண்ணுல ஒட்டுனது ஒங்க தோலு மட்டுந்தான். குளிருக்கு அது விடாது."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றே ஊருக்குப் புறப்பட்டோம். கம்போங் ராஜாவுக்கு ஏறும் மலைப்பாதையில், காற்று குளிராக மாறும் வளைவில், அவள் பஸ் ஜன்னலைத் திறந்தாள். நான் கை நீட்டிப் பாதி மூடினேன். அவள் நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"எதுத்தாப்புல லோரி வருது. கோபிஸ்தானே ஏத்தியிருக்கான்?"

கோபிஸ்தான், லோரி நிறைய முட்டைக்கோஸ். ஜன்னலை அப்படியே விட்டுவிட்டேன்.