எண்ணியவரும் விசிலடித்தவரும்

துறைமுகத்தில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. ‘நூறு வாட்’ என்று கேளுங்கள், ஐஸ் உடைக்கிற ஆள்கூட கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவான். படகுகளின் ரேடியோ செட்டுகளைப் பழுது பார்ப்பவர். கடலுக்குப் போகிற செட் நூறு வாட் சக்தியை வெளியே தள்ள வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் பட்டறையை விட்டு வெளியே விட மாட்டார். படகுக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். ஆனால் வேறு கடைக்குப் போக மாட்டார்கள்.

மீன் ஏலக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த நீள அறைதான் பட்டறை. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் இற்றுப் போயிருக்கும். அவருடைய வாட்மீட்டரை மட்டும் துரு அண்டாது. பெற்ற பிள்ளையைக்கூட அப்படித் துடைத்து வைத்திருக்க மாட்டார். செட்டை அந்த மீட்டரில் மாட்டுவார். ஆன்டெனாவுக்குப் பதில், எண்ணெய் நிரப்பிய ஒரு தகர டப்பா சக்தியை வாங்கிச் சூடாகும். பிறகு மைக்கைப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவார். பழைய செட்டுகளில் பொத்தானை அழுத்தினாலே முள் ஏறி அசையாமல் நிற்கும். எண்ணுவது சும்மா ஒரு பழக்கம்.

பக்கத்து மேஜை மாப்பிள்ளையுடையது. ஒரே தங்கையின் புருஷன். தொழிலைப் பார்த்து, குணத்தைப் பார்த்து, இவரே பேசி முடித்த சம்பந்தம். மாப்பிள்ளை சொந்தமாக ஒரு புது மீட்டர் வைத்திருந்தார். அவர் எண்ண மாட்டார். மைக்கில் நீளமாக ஒரு விசில் அடித்து முள்ளைப் பார்ப்பார். "மீட்டர் பாக்கறீங்களா, நாயைக் கூப்பிடறீங்களா?" என்று இவர் கிண்டல் செய்வார். "எந்த நாய் வந்தாலும் உங்க மேஜைக்கு அனுப்பறேன் மச்சான்" என்பார் மாப்பிள்ளை. சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் டீ குடிக்கப் போவார்கள்.

அப்புறம் புதுவகை செட்டுகள் வந்தன. தூரத்துக்குப் பேசுகிறவை. வாயைத் திறந்தால்தான் அவற்றில் சக்தி வரும், மூடினால் முள் படுத்துவிடும். ஒரு பெரிய கம்பெனியின் படகுகளுக்கெல்லாம் மாப்பிள்ளைதான் சோதித்து ‘சரி’ என்று சீட்டு ஒட்டி அனுப்பியிருந்தார். அந்த செட்டுகளில் ஒன்று ஏதோ வேலையாக இவர் மேஜைக்கு வந்தது. வழக்கம்போல எண்ணினார். முள் துள்ளித் துள்ளி நாற்பதைக்கூடத் தொடாமல் விழுந்தது.

பக்கத்து மேஜைக்கு நாலு எட்டு வைத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோபம் கண்ணை மறைக்க, செட்டைத் தூக்கிக்கொண்டு நேரே கம்பெனி மேனேஜரிடம் போய்விட்டார். மாப்பிள்ளையையும் அங்கே வரவழைத்தார்கள். ஒரே செட், இரண்டு மீட்டர். இரண்டிலும் இவரே எண்ணினார். மாப்பிள்ளை மீட்டரில் நூறு. இவர் மீட்டரில் முப்பத்தைந்து.

"மச்சான், உங்க மீட்டர்லயும் நான் ஒரு தடவை விசில் அடிச்சுப் பாக்கறேனே" என்றார் மாப்பிள்ளை.

அதுவரை ‘வாங்க போங்க’ என்று மாப்பிள்ளை மரியாதை கொடுத்து வந்தவர் அன்று ஒருமைக்கு இறங்கிவிட்டார். "என் மீட்டரை நீ தொடாத! கடல்ல மாட்டிக்கிட்டவன் விசிலா அடிப்பான்? காப்பாத்துங்கன்னு கத்துவான்யா! உன் மீட்டரை நம்பிப் போறவன் குடும்பத்துக்கு யார் பதில் சொல்றது?"

மேனேஜருக்கு இரண்டு மீட்டரும் ஒன்றுதான். அனுபவசாலி சொல்வதை எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை ஒட்டிய சீட்டையெல்லாம் கிழித்தார்கள். அதோடு அந்தத் துறைமுகத்தில் மாப்பிள்ளையின் பிழைப்பு போயிற்று. தங்கையைக் கூட்டிக்கொண்டு உள்நாட்டில் ஏதோ ஒரு ஊருக்குப் போய் கிடங்கில் மூட்டை எண்ணும் வேலையில் சேர்ந்தார். தங்கை மட்டும் எப்போதாவது போன் செய்வாள். "நல்லா இருக்கோம் அண்ணா" என்பாள், அவ்வளவுதான்.

இவர் தன் மீட்டரை நம்பிப் புது செட்டுகளையெல்லாம் முள் நூறைத் தொடுகிற வரை முடுக்கிவிட்டார். அவை சூட்டில் கருகித் திரும்பி வந்தபோது, "மட்டமான சரக்கு" என்று தயாரித்தவன் தலையில் பழியைப் போட்டார். இப்படியே வருஷங்கள் ஓடின.

உண்மை ஒரு சளிக் காய்ச்சலில் வெளிப்பட்டது. தொண்டை கட்டி, எண்ணப் போனால் காற்றுத்தான் வந்தது. வாசலில் படகுக்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மைக்கில் விசில் அடித்தார். முள் நேரே நூறுக்கு ஏறி ஆணி அடித்தாற்போல் நின்றது. கரகரத்த குரலில் "ஒண்ணு" என்றார். முப்பது. மறுபடி விசில். நூறு.

அவருக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் தேவைப்படவில்லை. பேச்சு ஏறி இறங்கும், இடையிடையே நிற்கும். அவருடைய பழைய மீட்டர் அந்த ஏற்ற இறக்கத்தையெல்லாம் சேர்த்து சராசரியைக் காட்டுகிறது. மாப்பிள்ளையின் மீட்டர் உச்சத்தைப் பிடித்துக் காட்டியது. செட்டின் மேல் எழுதியிருக்கும் நூறு, உச்சத்தின் கணக்கு. விசில் ஏறாது, இறங்காது, அதனால் இரண்டு மீட்டரிலும் ஒன்றாகவே விழும். எந்த மீட்டரும் பொய் சொல்லவில்லை. அன்று அந்த ஒரு விசிலை அடிக்க விட்டிருந்தால் போதும். 

வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"உடனே போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. அவருக்கு உடம்பு வேற சரியில்லன்னு உங்க தங்கச்சி சொன்னா."

"போறேன், போறேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது?"

"இருக்கிற மூஞ்சிய வச்சிக்கிட்டுத்தான்."

அந்த ஞாயிறு போகலாம் என்றார். மழையாக இருந்தது. அடுத்த ஞாயிறு ஒரு படகு அவசரம். அதற்கடுத்த ஞாயிறு பஸ் நிலையம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். போனில் சொல்கிற விஷயமா இது என்று தனக்குத் தானே ஒரு சாக்கு வேறு. கூச்சம்தான், வேறொன்றுமில்லை. வேலை எத்தனை சுத்தமாக இருந்தாலும், தப்பு என்று ஒரு சொல் அந்த மனிதர் வாயிலிருந்து லேசில் வராது.

ஒரு காலையில் தங்கையே கூப்பிட்டாள். மாப்பிள்ளை போய்விட்டார் என்றாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, அண்ணனும் தங்கையும் சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சிறிய வீடு. ரேடியோ சம்பந்தமாக ஒரு திருகாணிகூட அங்கே கண்ணில் படவில்லை.

"மீட்டரை என்ன செஞ்சாரு?" என்று கேட்டார்.

"இங்க வந்ததுமே உடைச்சிட்டாரு அண்ணா. ‘உன் அண்ணன் தொழில்ல தப்பு பண்ண மாட்டாரு, என் மீட்டர்தான் பொய்’னு சொன்னாரு. அதுக்கப்புறம் எந்தப் படகு திரும்பி வரலன்னு நியூஸ்ல சொன்னாலும் சாப்பிட மாட்டாரு. ‘நான் அனுப்பின செட்டா இருக்குமோ, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருப்பானோ, யாருக்கும் கேக்கலியோ’ன்னு புலம்புவாரு. கடைசி வாரம் முழுக்க அதே பேச்சுதான்."

 அவள் உரக்கக் கத்தி அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவளோ சும்மா, மாமூல் விஷயம்போலச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, விசில் அடித்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். மாப்பிள்ளை அனுப்பிய ஒரு செட்டும் சோடை இல்லை என்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இது உங்களுக்கு எப்ப அண்ணா தெரிஞ்சது?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நேத்துதாம்மா" என்றார்.

அவள் நகர்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க பாவம். ஒரு வாரம் முன்னாடி தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருக்க மாட்டீங்களா? அழாதீங்க அண்ணா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் அழுகையை நிறுத்துகிற வரைக்கும் அவள் அவர் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.