குழந்தையோடு போனவள்

அந்த வீட்டில் அவள் கால் வைத்த அன்றே மேடம் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்களை நான் வேலைக்காரியா நினைக்கல. எங்க வீட்டு மனுஷி மாதிரிதான்" என்றாள். கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டு மனுஷிக்கு ஒதுக்கிய அறையில் ஏற்கெனவே ஒரு வாஷிங் மெஷின் குடியிருந்தது. அது துணி பிழியும்போதெல்லாம் கட்டிலும் சேர்ந்து உதறும். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர் முகத்தில் அடித்த மாதிரி நிற்கும்.

ஊரில் அவளைப் பெரியவள் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். தங்கை சின்னவள். பெரியவளின் கணவன் ஒருநாள் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவன்தான், போன இடம் யாருக்கும் தெரியாது. பாலர் பள்ளி ஒன்றில் ஆயாவாக இருந்து காலம் தள்ளினாள். அதையும் ஒரு கோடை விடுமுறையோடு இழுத்து மூடிவிட்டார்கள். அப்போதுதான் ஏஜெண்ட் வந்து சொன்னான், வெளிநாட்டில் குழந்தை பார்த்துக்கொள்ள ஆள் கேட்கிறார்கள், நம் பாஷை பேசுகிற குடும்பம்தான் என்று. அவளுடைய மகளுக்கு அப்போது பேச்சே முழுசாகத் திருந்தவில்லை.

"நீ கிளம்புக்கா. என் ரெண்டோட இதுவும் ஒண்ணா வளந்துட்டுப் போகுது. நான் என்ன அவளைத் தூக்கியா போட்டுடப் போறேன்?" என்றாள் சின்னவள்.

சொன்ன சொல் தவறாமல் வளர்த்தாள். அதைப் பற்றிப் பெரியவளுக்கு ஒரு குறையும் இல்லை.

அங்கே இவள் வளர்த்தது மேடத்தின் குழந்தை பட்டுவை. கைக்குழந்தையாக வாங்கி மார்பில் சாத்திக்கொண்டது. சாருக்குப் பெட்டியும் கையுமாக ஊர் சுற்றுகிற உத்தியோகம். மேடத்துக்கு வங்கியில் வேலை. விடிந்தால் ஈரத்தலையோடு ஓடுவாள், திரும்பி வரும்போது பட்டு கண் சொருகிக் கிடக்கும். அதனால் பட்டுவுக்குப் பசித்தாலும் பெரியவள், வலித்தாலும் பெரியவள், பயந்தாலும் பெரியவளின் முந்தானைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடம் ஆசையாகக் கையை நீட்டியபோது குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு இவளுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டது. மேடம் சிரித்தாள். அன்று முழுக்க வீட்டில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக வைக்கப்பட்டன.

மகளோடு பேசுவது வீடியோ அழைப்பில்தான். முதலில் மகள் போனையே விடமாட்டாள். அப்புறம் ஒரு முகம் காட்டிவிட்டு விளையாட ஓடிவிடுவாள். ஒருநாள் சின்னவளின் பிள்ளைகள் இரண்டும் வழக்கம்போல, "பெரியம்மா, பெரியம்மா!" என்று திரையில் முகத்தை ஒட்டிக்கொண்டு கத்தின. நடுவில் மகளும் தலையை நுழைத்து, "பெரியம்மா, எனக்கு பொம்மை வாங்கியாங்க" என்றாள்.

சின்னவள் பதறிப்போய், "ஏய், அம்மாடி அது! உன் அம்மா!" என்று அதட்டினாள்.

"நீதானே அம்மா?" என்றது குழந்தை, சாதாரணமாக.

"விடுடி. அதுங்களைப் பாத்து இதுவும் சொல்லுது" என்று பெரியவள் சிரித்தாள். போனை வைத்த பிறகு வாஷிங் மெஷினைப் போட்டாள். துவைக்கத் துணி எதுவும் இல்லை. சத்தம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து சின்னவள் வேளைகெட்ட வேளையில் கூப்பிட்டாள். 

"அக்கா, பயப்படாத. புள்ளைக்கு ஜுரம் நிக்கவே இல்ல. டைபாய்டாம். ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். எழுந்து உக்கார முடியல... நீ ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

அன்று மாலை மேடம் செருப்பைக் கழற்றுவதற்குள் பெரியவள் போய் எதிரில் நின்றாள். மேடம் முழுசாகக் கேட்டாள். கண்கூடக் கலங்கினாள்.

"எனக்குப் புரியுதுக்கா, நானும் ஒரு புள்ளைக்குத் தாய்தானே? ஆனா இப்ப நீங்க போனா பட்டுவை நான் யார்கிட்ட விடுவேன்? ஆபீஸ்ல லீவு கேட்டா என் வேலையே போயிடும். சார் வரட்டும், பேசிக்கலாம்."

"பாஸ்போர்ட்டை மட்டும் குடுங்கம்மா. டிக்கெட்டு நான் எப்படியாவது பாத்துக்கிறேன்."

"அது சார்கிட்ட இருக்கு. எங்க வச்சார்னு எனக்குத் தெரியாது."

சார் தொலைபேசியில் இன்னும் பதமாகப் பேசினார். "டைபாய்டுதானேக்கா? மாத்திரை குடுத்தா சரியாயிடும். அடுத்த மாசம் கண்டிப்பா அனுப்பறேன்." அவர் குரலில் ஒரு கடுமையும் இல்லை. கடுமையாகப் பேசியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். பஞ்சுப் பொதியைக் குத்துவதுபோல இருந்தது அவளுக்கு.

குழந்தைகள் விளையாடும் பூங்காவில் சுருட்டை என்று ஒருத்தி உண்டு. அவளும் பிள்ளை பார்ப்பவள்தான், வாயாடி. கதையைக் கேட்டதும் வெகுண்டுவிட்டாள்.

"பாஸ்போர்ட்டு உன்னுதுடி! அவங்க வீட்டுப் பீரோ சாவியா அது? தூதரகத்துக்குப் போ. ரெண்டு பஸ் மாறணும். அழாம, நடந்ததை நடந்தபடி சொல்லு."

"பட்டுவை என்ன பண்ணுறது?"

சுருட்டை தன்னையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். அவள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக ஏற்கெனவே இரண்டு.

மறுநாள் மேடம் கிளம்பியதும் பெரியவள் கதவருகே நின்று யோசித்தாள். குழந்தையைத் தனியாகப் பூட்டிவிட்டுப் போக அவளால் ஆகாது. சாயங்காலம் வரை காத்திருந்தால் தூதரகத்தை மூடிவிடுவார்கள். பால் புட்டி, மாற்றுத் துணி, ஒரு தொப்பி எல்லாவற்றையும் பையில் போட்டாள். பட்டுவைக் குழந்தை வண்டியில் உட்கார வைத்துப் பட்டையைப் பூட்டினாள். பட்டுவுக்கோ ஊர்வலம் போகிற குஷி. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டே வந்தது.

தூதரகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா முதலில் பொறுமையாகக் கேட்டார். குறித்துக்கொண்டார். பிறகு எட்டிப் பார்த்தார்.

"குழந்தை உங்களுதா?"

"இல்லைங்க. நான் பாத்துக்கிற குழந்தை."

"அவங்க அப்பா அம்மாவுக்குத் தெரியுமா, இங்க கூட்டிட்டு வந்தது?"

அவள் குனிந்து வண்டியின் பட்டையைச் சரிசெய்தாள். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார்.

"அறிவிருக்காம்மா உங்களுக்கு? சொல்லாம தூக்கிட்டு வந்தா இந்த ஊர்ல அதுக்குப் பேரே வேற!"

"அப்ப பூட்டி வச்சுட்டு வரச் சொல்றீங்களா? இது என்ன, குடையா செருப்பா?" என்று கேட்டுவிட்டு, கேட்ட வேகத்திலேயே உடைந்து அழுதாள். அதைப் பார்த்துப் பட்டுவும் உதட்டைப் பிதுக்கியது. ஆகவே அவள் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தைக்குச் சிரித்துக் காட்டினாள்.

குமாஸ்தாதான் மேடத்துக்குத் தகவல் சொன்னார். மேடம் ஓடி வந்தாள். அடையாள அட்டை கழுத்தில் திருகிக் கிடந்தது, முகத்தில் ரத்தமே இல்லை. வந்தவள் குழந்தையைப் பிடுங்கி இறுக்கிக்கொண்டாள். பட்டு வீறிட்டது. தாயின் தோளுக்கு மேலாக இரண்டு கையையும் பெரியவளை நோக்கி நீட்டி, முதுகை வில்லாக வளைத்து வீறிட்டது.

"உங்களை எங்க வீட்டு ஆளாத்தானே வச்சிருந்தேன்? எப்படிக்கா மனசு வந்துச்சு?"

"என் புள்ளை ஆஸ்பத்திரியில கெடக்கும்மா."

போனில் சார் போலீஸ் என்றார். குமாஸ்தா அதே போனில், போலீஸ் வந்தால் பாஸ்போர்ட்டை யார் பூட்டி வைத்தார்கள் என்ற கேள்வியும் கூடவே வரும் என்று நிதானமாகச் சொன்னார்.  அது இருக்கும் இடத்தைச் சார் சொல்ல, மாற்றுச் சாவி வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பாஸ்போர்ட்டையும் அவளுடைய துணிப் பையையும் கொண்டுவந்து கொடுத்தார். மேடம் அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். பட்டு தூங்க வேண்டுமானால் முதுகில் தட்டக் கூடாது, நெற்றியை வருடிவிட வேண்டும் என்று சொல்ல நினைத்துப் பெரியவள் இரண்டடி எடுத்து வைத்தாள். வாசல் காவலாளி குறுக்கே நின்றான். அழுகைச் சத்தம் தெருத் திரும்பும்வரை கேட்டது.

ஊர் வந்து இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் ஆஸ்பத்திரிக்கே போனாள். மகள் பிழைத்துவிட்டாள். ஆனால் கட்டிலில் கிடந்தது பாதி மகள்தான், கன்னம் ஒட்டி, கண் குழி விழுந்து. பெரியவள் குனிந்து கன்னத்தைத் தொடப் போனாள். குழந்தை சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தை மறைத்துக்கொண்டது.

நர்ஸ் ஊசி மருந்துத் தட்டோடு வந்தாள். "இத்தனை பேரு நிக்காதீங்க. அம்மா மட்டும் இருங்க, மத்தவங்க வெளிய."

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீ இரு, அக்கா" என்று சின்னவள் கையை விடுவிக்கப் பார்த்தாள். குழந்தை, "அம்மா, போகாத!" என்று அவள் சேலையைப் பற்றிக்கொண்டு அலறியது.

பெரியவள் வெளியே வந்துவிட்டாள். நடைகூடத்துச் சுவரில் சாய்ந்து, உள்ளே கேட்கும் அழுகை அடங்குவதற்காகக் காத்திருந்தாள். யாருடைய அழுகையாக இருந்தாலும், போய்த் தூக்கிக்கொள் என்று கை அதுபாட்டுக்குப் பரபரத்தது. கையைக் கட்டிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் சின்னவள் வந்தாள். அழுதிருந்தாள். "தூங்கிட்டா. நீ போய் உக்காரு."

"முழிச்சுப் பாத்தா பயந்துக்குவாடி."

"பயந்துக்கட்டும். நானும் வெளியதான் இருப்பேன். ரெண்டு தடவை பயப்படுவா, மூணாவது தடவை பழகிடுவா. போக்கா."

அவள் உள்ளே போய் ஸ்டூலை ஓசைப்படாமல் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மகளின் நெற்றியில் முடி ஒட்டிக் கிடந்தது. ஒதுக்கிவிட வேண்டும்போல இருந்தது. எழுந்துவிடுவாளோ என்று பயந்து, தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.