வியாழக்கிழமை பிளக்

பதினெட்டு வருடமாகப் பனியில் கார் ஓட்டி, கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத் தானியக் கிடங்குகளின் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்தவள் வெர்னா. இந்தக் குளிர்காலம் ஒரு முடிவோடு, வீட்டிலிருந்தபடியே அத்தனையையும் இயக்க இணைப்புக் கொடுத்துவிட்டாள். இனி சாலையாவது மண்ணாவது!

கிழவர் நெஸ்டர் தனியாகப் பார்த்துக்கொள்ளும் கிடங்கு மட்டும் வியாழக்கிழமை தவறாமல் இணைப்பிலிருந்து காணாமல் போனது. மூன்றாவது வாரம் பொறுக்காமல் நூறு கிலோமீட்டர் ஓட்டிப் போனாள். கம்ப்யூட்டரின் பிளக் தரையில் கிடந்தது. சுவரில் அதன் இடத்தில், ஜன்னல் வழியாக வந்த ட்ரக் ஹீட்டரின் ஒயர்.

“நெஸ்டர், உங்களுக்கே இது நல்லாருக்கா? இதைப் பிடுங்கிட்டா நான் எப்படி உள்ள வர்றது?”

“மைனஸ் முப்பதும்மா! இஞ்சினுக்குச் சூடு காட்டலைன்னா வண்டி கிளம்புமா?”

“மத்த நாள்ல குளிரலையாக்கும்?”

கிழவர் காலையில் சுட்ட ‘பெர்ரி பை’ என்னும் பழப் பலகாரத்தைப் பெரிய துண்டாக வெட்டி அவள் முன் வைத்தார். வியாழன்தான் அவர் பெர்ரி பை சுடும் நாள்.

“ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிக் கொடுத்தா முடிஞ்சுதே,” என்றார், திரும்பி வந்தவள் சொன்னதைக் கேட்ட அவளுடைய மேலாளர்.

வெர்னா அன்றைக்கே வாங்கிவிட்டாள். மார்ச் வந்துவிட்டது, வியாழன்தோறும் நெஸ்டரிடம் போய் வருகிறாள், பாக்ஸ் இன்னும் அவள் கார் டிக்கியில்தான் இருக்கிறது.